நாஞ்சாரம்மாவின் தடிப்பும் புயற்கூடத்துச் சங்கும்

நாஞ்சாரம்மாவின் இடது மணிக்கட்டில் முதல் தடிப்பு எழும்பிய அதே நிமிடத்தில், ஈதலதிப்பை ஊர்ப் புயற்கூடத்தின் மாடியில் இருந்த அபாயச் சங்கு, யாரும் விசையைத் தொடாமலே ஊதத் தொடங்கியது. அது ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணி. வானத்தில் மேகம் இல்லை. கடல் குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடந்தது. அப்படியும் ஊரில் இருந்த நானூற்றுச் சொச்சம் பேரும் உலையை இறக்காமல், ஆட்டை அவிழ்க்காமல் கூடத்தைப் பார்த்து ஓடினார்கள். கிருஷ்ணா நதி கடலில் விழுகிற அந்த முனையில், சங்குச் சத்தம் கேட்ட பிறகு நின்று யோசிக்கிற ஆள் கிடையாது. எழுபத்தேழாம் வருஷத்துப் புயலில் திப்பையின் அறுநூறு பேரில் நூற்று எண்பது பேர்தான் மிஞ்சினார்கள். மிஞ்சியவர்கள் பனைமரத்தோடு தங்களைக் கட்டிக்கொண்டவர்கள். இப்போது ஊரில் இருப்பது அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். பயப்பட அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் வரை கூடத்துக்குள் உட்கார்ந்திருந்துவிட்டு, கடல் எழவில்லை என்று கண்டு, கருகிப்போன சோற்றுக்குத் திரும்பினார்கள்.

கூடத்தின் சாவி தலையாரி மஸ்தானய்யாவின் அரைஞாணில் இருந்தது. ஐம்பத்திரண்டு வயதான அவரை ஊர் முழுக்க பாபாய், அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடும். எழுபத்தேழில் மனைவியையும் ஏழு மாதப் பிள்ளையையும் அலையில் விட்டவர். அதற்குப் பிறகு அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சங்கை வாரம் ஒரு முறை துடைத்து எண்ணெய் போடுவதுதான் அவருடைய குடும்பம். அன்று மாடிக்குப் போய்ப் பார்த்தபோது பூட்டு பூட்டியபடி இருந்தது. விசைமேல் படிந்த தூசியில் ஒரு விரல் தடமும் இல்லை. மண்டல அலுவலகத்திலிருந்து மெக்கானிக் ஒருவர் வந்து முழுதும் கழற்றி மாட்டி, ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கீழே நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அது மறுபடி ஊதியது. மெக்கானிக் இளநீரைப் போட்டுவிட்டு மற்றவர்களோடு சேர்ந்து ஓடினார். ஐப்பசி பிறப்பதற்குள் முப்பத்தொரு தடவை ஊதியது. கடலில் இருந்த படகுகள் ஒவ்வொரு தடவையும் வலையை அறுத்துப் போட்டுவிட்டுத் திரும்பின. நாஞ்சாரம்மாவின் கணவன் ஏடுகொண்டலு ஒருவனே இரண்டு வலைகளை இழந்தான்.

அவளையும் சங்கையும் சேர்த்துப் பார்த்தது பேரம்மா. இருவரும் இறால் உரிக்கிற கொட்டகையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறவர்கள். பேரம்மாவுக்கு நாஞ்சாரம்மா வதினா, அண்ணி முறை. பனிக்கட்டித் தண்ணீரில் கை நனைந்துகொண்டே இருக்கிற வேலை அது. கையில் சிவப்பாக ஏதாவது வந்தால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் நாஞ்சாரம்மாவின் கையில் வந்தது வேறு மாதிரி இருந்தது. முதலில் ஒரு புள்ளி. பிறகு அது மசால்வடை அளவுக்கு உப்பி, ஓரம் சிவந்து, நடு வெளுத்து, பக்கத்தில் இன்னொன்றோடு போய் ஒட்டிக்கொள்ளும். சில மணி நேரத்தில் அங்கே இருந்ததற்கு அடையாளமே இல்லாமல் மறைந்து, முதுகில் கிளம்பும். ஒரு நாள் பேரம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புள்ளி வந்தது. உப்பியது. கொட்டகையின் தகரக் கூரைக்கு மேலே சங்கு ஊதியது. எல்லோரும் எழுந்து ஓட, பேரம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் வதினா, இது உன்னுது" என்றாள்.

"எது?"

"சங்குதான். மூணு தடவையா பாத்துட்டேன். உனக்கு அரிச்சா அது கத்துது."

நாஞ்சாரம்மா சிரித்தாள். பிறகு கையைப் பார்த்தாள். கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "யார்ட்டயும் சொல்லாத பேரம்மா" என்றாள். பேரம்மா சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். மறுநாள் கிணற்றடியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஊர் அவளை உடனே வெறுக்கவில்லை. அவளை எது கடித்தது என்று தேடியது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வந்து கடிக்கிறது, அதைத்தான் சங்கு சொல்கிறது என்று முதலில் நம்பினார்கள். அவள் வீட்டைச் சுற்றி இருந்த முட்புதரை எரித்தார்கள். பதினேழு பாம்புகளைக் கொன்றார்கள், அதில் பதினைந்து சாரை. சைக்கிளில் புடவை விற்க வந்த குண்டூர்க்காரர் ஒருவர் அவள் வாசலில் நின்றபோது சங்கு ஊதிவிட்டது. அவரை மரத்தில் கட்டி அடித்தார்கள். அவர் எதற்கு அடிபடுகிறோம் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். அடித்தவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. நாஞ்சாரம்மா இறாலை விட்டாள், கத்தரிக்காயை விட்டாள், கோங்குராக் கீரையை விட்டாள், கடைசியில் கஞ்சியும் உப்பும் மட்டும் குடித்தாள். மோபிதேவி கோயில் புற்றுக்குப் பால் ஊற்றினாள். வேப்பிலை அரைத்துப் பூசினாள். பூசிய இடத்திலேயே பூசிய விரல் போன வழியெல்லாம் கோடாகத் தடித்தது. கணவனின் முழுக்கைச் சட்டையை ரவிக்கைக்கு மேல் போட்டு, கழுத்து வரை பொத்தான் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். ஏடுகொண்டலு நல்லவன்தான். ஆனால் அவள் தோலில் தன் விரல் பட்ட இடம் உப்பி, கூடத்து மாடி அலறுவதை இரண்டு முறை பார்த்த பிறகு அவன் அவளைத் தொடுவதை நிறுத்திவிட்டான். தண்ணீர்ச் செம்பைக்கூட அவள் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தான். அவள் எடுத்துக்கொள்கிறவரை வேறு எங்காவது பார்த்துக்கொண்டு நின்றான்.

கதவு வீங்கிய நாள் கார்த்திகையில் வந்தது. அன்று காலையில் அவளுக்கு உதடு கனத்தது. பிறகு கண்ணிமை. சங்கு எப்போதையும்விட ஓங்கி ஊதியது. எல்லோருக்கும் அது அவளுடையது என்று தெரிந்திருந்தது; ஆனால் தெரிவதும் கால் நிற்பதும் ஒன்றல்ல. நானூறு பேரும் கூடத்துக்குள் போனார்கள். அவளும் போனாள். மஸ்தானய்யா இரும்புக் கதவைச் சாத்தினார். அவளுடைய மேலுதடு மூக்கைத் தொடுகிற அளவுக்கு உப்பியபோது கதவும் உப்பியது. சட்டத்துக்குள் இரும்பு தடித்து, தாழ்ப்பாள் சதைக்குள் புதைந்த மோதிரம் மாதிரி உள்ளே போய்விட்டது. ஆறு பேர் தோள் கொடுத்தும் அது அசையவில்லை. தொட்டவர்கள் அது சூடாக இருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தன. நடுப்பகல் வெயிலில் கூரை கொதித்தது. பிள்ளைகள் அழ, யாரோ மூச்சு முட்டுகிறது என்று கத்த, அந்தக் கத்தலில் அவளுக்கு இன்னும் தடித்தது. அவளுக்குத் தடிக்கத் தடிக்கச் சங்கு ஏறியது, சங்கு ஏற ஏறக் கூட்டம் கதவைப் பார்த்து நெருக்கியது. வெளியே ஒரு ஆபத்தும் இல்லை. ஒரு நாய் வெயிலில் படுத்திருந்தது. உள்ளே மனிதர்கள் ஒருவரை ஒருவர் மிதித்தார்கள். வலை பின்னுகிற சாம்பய்யாவின் வலது கை மூன்று இடத்தில் ஒடிந்தது. நாஞ்சாரம்மா மூலையில், தொண்டை குறுகி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் செத்தால் கதவு திறக்கும் என்று நினைத்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு உதட்டு வீக்கம் வடிய ஆரம்பித்தது. நாலேகாலுக்குத் தாழ்ப்பாள் வெளியே வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு காரியங்கள் நடந்தன. அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து சங்கின் பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். அன்று மத்தியானமே சங்கு பேட்டரி இல்லாமல் ஊதியது. பேட்டரியைத் திருப்பித் தரச்சொல்லி மஸ்தானய்யா மனு போட்டதற்கு, அது இல்லாமலே ஊதுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிறகு எதற்கு என்று பதில் வந்தது. இரண்டாவது, ஊர் கூடி நாஞ்சாரம்மாவைப் பந்தர் டவுனில் இருந்த அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பியது. மஸ்தானய்யாதான் பஸ் ஏற்றிவிட்டார். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "என் சங்கைப் பொய் சொல்ல வெச்சுட்டியேம்மா" என்று மட்டும் சொன்னார். அவள் பஸ் கிளம்பும்வரை சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

பந்தரில் தோல் டாக்டர் பர்வீன் அவளைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, ஒரு பேனா மூடியால் முதுகில் கோடு இழுத்து, கோடு எழும்புவதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தார். நாஞ்சாரம்மா சங்கைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. சீட்டில் எத்தனை வாரம், உதடு வீக்கம் உண்டா என்பவற்றுக்குக் கீழே, சங்கு: உண்டு என்று எழுதிக்கொண்டார். பிறகு விளக்கினார்.

"தோலுக்குக் கீழ காவக்காரங்க மாதிரி கொஞ்சம் செல்லுங்க இருக்கும்மா. ஆளுக்கு ஒரு மூட்டை. வெளியாள் யாராவது உடம்புக்குள்ள வந்தா மூட்டையை அவுத்து விட்டுரும். அதுல இருக்கறதுதான் ரத்தக்குழாயைக் கசிய வெச்சு, தடிக்க வெச்சு, அரிக்க வெக்குது. மத்த காவல் எல்லாம் ஓடி வரட்டும்னு ஒரு ஏற்பாடு."

"எனக்கு யாரு உள்ள வந்தா டாக்டரம்மா?"

"யாரும் வரலை. உங்க ரத்தத்துலயே ஒரு பொருள் சுத்திக்கிட்டிருக்கு. உங்க உடம்பே செஞ்சது. அது போய் காவக்காரன் தோளைத் தட்டி, வந்துட்டான்னு சொல்லுது. அவன் நம்பிடறான்."

"அப்ப அந்தக் காவக்காரனைக் கொன்னுருங்க."

"கொன்னுட்டா, நெஜமா ஒருத்தன் வர்ற அன்னைக்கு?" டாக்டர் மாத்திரை எழுதினார். "இது அவனைத் தொடாது. அவன் கத்தறதைக் கேக்கற காதை மட்டும் அடைக்கும். தினம் ஒண்ணு. அடங்கலைன்னா நாலு வரைக்கும் போடலாம், அதுக்கு மேல வேண்டாம். உதடு வீங்கி மூச்சு முட்டுச்சுன்னா மாத்திரையை நம்பி உக்காராம ஆஸ்பத்திரிக்கு ஓடியாங்க. இறால் சாப்பிடுங்க, கத்தரிக்காய் சாப்பிடுங்க. சோத்துல இல்ல இது."

"எப்பப் போகும்?"

"சில பேருக்கு ஒரு வருஷம். சில பேருக்கு அஞ்சு, பத்து. வந்த மாதிரியே ஒரு நாள் போயிரும். எப்போன்னு எனக்குத் தெரியாதும்மா."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொன்னது நாஞ்சாரம்மாவுக்கு விசித்திரமாகவும், எதனாலோ கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. மாத்திரை போட்டாள். ஒன்று போட்டால் தடிப்பு பாதி அடங்கியது. நாலும் போட்டால் ஒன்றரை மணி நேரத்தில் தோல் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. நாற்பது மைல் தள்ளித் திப்பையில், சங்கு போர்வைக்குள் இருந்து ஊதுகிற மாதிரி மங்கி, பிறகு நின்றது. ஆமாம், அவள் பந்தரில் இருந்தபோதும் அது அங்கே ஊதிக்கொண்டுதான் இருந்தது. தூரம் அதற்கு ஒரு பொருட்டாக இல்லை. ஊர்க்காரர்களுக்கு இது முன்னதைவிட மோசமாகப் போயிற்று. முன்பாவது அவளைப் பார்த்து, அவளுடையது என்று சமாதானம் செய்துகொள்ளலாம். இப்போது ஊதுவது அவளா கடலா என்று கேட்க ஆள் இல்லை. தை மாதம் முழுக்க ஓடினார்கள். மாசியில் மஸ்தானய்யா பந்தருக்கு பஸ் ஏறினார். அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டு, "திரும்பி வாம்மா" என்றார். "உன் கையைப் பாத்தாத்தான் எங்களுக்குப் பொய்யா நெஜமான்னு தெரியும்."

"போன்னு சொன்னதும் நீங்கதான் பாபாய்."

"ஆமா. நான்தான். இப்ப வான்னு சொல்றதும் நான்தான்."

அவள் திரும்பி வந்த பிறகு ஊர் பழகிக்கொண்டது. சங்கு ஊதினால் பக்கத்தில் இருக்கிற யாராவது அவளைத் தேடிப் போவார்கள். அவள் சட்டைக் கையை மடித்துக் காட்டுவாள். தடித்திருந்தால், பார்த்தவர் தெருவில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டுவார். ஊர் தன் வேலையைப் பார்க்கும். கொட்டகைப் பலகையில் இறால் விலைக்குக் கீழே, கை: தடிப்பு என்று எழுதி வைக்க ஆரம்பித்தார்கள். ஆறு மாதத்தில் கடலில் இருந்த படகுகளும் சங்கைக் கேட்டுத் திரும்புவதை நிறுத்தின. ஒரு வருஷத்தில் கையைப் பார்க்க வருகிறவர்கள் வாசலில் இருந்தே எட்டிப் பார்த்தார்கள். பேரம்மா, "என்ன வதினா, காலையிலயே கச்சேரியா?" என்று கேலி செய்தாள். எல்லோருடைய பயமும் போய்விட்டது. போன பயம் முழுவதும் நாஞ்சாரம்மாவிடம் வந்து சேர்ந்தது. கடல் நிஜமாகவே எழுகிற அன்றைக்கும் என் கை தடித்திருந்தால் என்ற கேள்வி அவளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அதை அவள் ஒரே ஒருவரிடம் கேட்டாள். மஸ்தானய்யா சங்குக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். துணியை மடித்து வைத்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"அதைக் கேட்டுராதேன்னுதான் ஒரு வருஷமா வேண்டிக்கிட்டிருக்கேன்" என்றார்.

அவள் திரும்பி வந்த இரண்டாம் வருஷம், மறுபடியும் கார்த்திகை. வங்கக்கடலில் ஒரு புயல் இருப்பதாகவும், அது நெல்லூருக்குத் தெற்கே போய்விடும் என்றும் ரேடியோ சொன்னது. இரண்டு நாளாகக் காற்று இருந்ததால் படகுகளைக் கரையில் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். காலை பத்து மணிக்கு மழை தூறிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. நாஞ்சாரம்மாவுக்குக் கழுத்து, வயிறு, உள்ளங்கால் எல்லாம் தடித்திருந்தது. பேரம்மா வாசலில் இருந்து பார்த்துவிட்டுக் கையை ஆட்டினாள். மஸ்தானய்யா மட்டும் உள்ளே வந்து, கிட்டத்தில் பார்த்து, "உன்னுதுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

அவள் நாலு மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றுக்கு விளிம்புகள் கரைந்தன. பதினொன்றரைக்குத் தோல் பழைய நிறத்துக்கு வந்தது. வயிற்றைப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. காலைத் திருப்பிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. மேலே சங்கு மங்கவில்லை. அது முன்னைவிட உரக்க ஊதிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக எந்தத் தோலைக் கேட்டு வேண்டிக்கொண்டாளோ அந்தத் தோல் இப்போது அவள் முன்னால் இருந்தது. ஏடுகொண்டலு மூலையில் வலை தைத்துக்கொண்டிருந்தான். அவள் போய் அவன் முன்னால் கையை நீட்டினாள். அவன் பார்த்தான். கூரையைப் பார்த்தான். மறுபடி கையைப் பார்த்தான். ஊசியை வலையிலேயே விட்டுவிட்டு எழுந்தான்.

ஏடுகொண்டலு கூட்டிவந்த மஸ்தானய்யா அவள் கையை வாங்கி, கட்டைவிரலை எச்சிலில் நனைத்து, மாவு ஏதாவது பூசி மறைத்திருக்கிறாளா என்று தேய்த்துப் பார்த்தார். தேய்த்த இடம்கூடத் தடிக்கவில்லை. அவர் தமுக்கை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். தமுக்குச் சத்தத்துக்குப் பாதிப் பேர்தான் வெளியே வந்தார்கள். வந்தவர்களும் வாசலில் நின்று சிரித்தார்கள். அவ கை தடிச்சிருக்கு, நாங்க காலையிலேயே பாத்தாச்சு என்றார்கள். நாஞ்சாரம்மா தெரு நடுவில் நின்றாள். இரண்டு வருஷமாகக் கழுத்துவரை மாட்டியிருந்த சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையைச் சேற்றில் போட்டாள். இரண்டு கைகளையும் தோள்வரை காட்டினாள். பிறகு திரும்பி நின்று, ஊர் ஆண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ரவிக்கையை முதுகுப் பக்கம் தூக்கிப் பிடித்தாள். மழையில் நனைந்த அந்த முதுகில் ஒரு புள்ளி இல்லை. சங்கு ஊதிக்கொண்டிருந்தது. பேரம்மாதான் முதலில் புரிந்துகொண்டவள். கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டாள். தெரு முழுக்க ஒரே நேரத்தில் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது.

ஆனால் கூடத்து வாசலுக்கு வந்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அந்தக் கதவை ஒருவரும் மறக்கவில்லை. உள்ளே போனால் வீங்கிவிடும் என்று பின்னால் நின்றவர்கள் சொன்னார்கள். காற்று அதற்குள் ஆளைத் தள்ளுகிற அளவுக்கு வந்திருந்தது. நாஞ்சாரம்மா கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில், வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். "நான் இங்கயே உக்காந்திருக்கேன். அது வீங்குனா முதல்ல என்னைத்தான் நசுக்கணும். போங்க" என்றாள். அவள் காலைத் தாண்டித் தாண்டி ஊர் உள்ளே போனது. கடைசியில் சாம்பய்யா நின்றார், கோணலாகச் சேர்ந்த வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு. அவள் அவரிடம் தன் கையை நீட்டினாள்.

"பாருங்க, சுத்தமா இருக்கு."

"இருக்கும்மா. உன் கையை நம்பறேன்" என்றார் சாம்பய்யா. "அந்தக் கதவைத்தான் நம்ப முடியலை."

ஏடுகொண்டலு அவரைத் தூக்கிக்கொண்டு வரப் போனான். அவர் திமிறிக்கொண்டு, தன் அப்பா எழுபத்தேழில் செய்த மாதிரியே, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பனையைப் பார்த்துப் போனார். தோளில் வலைக்கயிறு இருந்தது. ஒன்று நாற்பதுக்கு மஸ்தானய்யா எண்ணியபோது உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கதவைச் சாத்த வேண்டியிருந்தது. அவள் உள்ளே வந்து, கதவில் முதுகை ஒட்டி உட்கார்ந்து, தன் கைகளை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள். நானூறு பேரும் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பத்துக்குக் கடல் வந்தது. கூடம் தூண்கள்மேல் நின்றதால் தண்ணீர் காலுக்கடியில் ஓடுகிற அதிர்வு தரை வழியாக எல்லோர் முதுகெலும்பிலும் ஏறியது. மாடியில் ஏதோ முறிந்தது. சங்கு ஊதிக்கொண்டே கீழே விழுந்து, ஊதிக்கொண்டே தண்ணீருக்குள் போய், மேற்கே அலையாத்திக் காட்டுப் பக்கமாக நகர்ந்து போவது சுவர் வழியாகக் கேட்டது. மஸ்தானய்யா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். நாஞ்சாரம்மாவின் கைகளில் அன்று முழுக்க ஒன்றும் எழும்பவில்லை. கதவு கதவாகவே இருந்தது.

தண்ணீர் வடிந்தபோது திப்பையில் வீடு என்று ஏழுதான் மிஞ்சியிருந்தன. எருமைகள் அறுபத்துமூன்று போயின. மனிதர்களில் ஒருவர் போனார். சாம்பய்யா பனையில் கட்டியபடியே இருந்தார். ஒரு கையால் போட்ட முடிச்சு அவிழவில்லை, ஆனால் தண்ணீர் அவர் தலைக்கு மேலே ஏறியிருந்தது. கயிற்றை வெட்டியது நாஞ்சாரம்மா. வேறு யாரையும் அவள் தொடவிடவில்லை. பதினோராம் நாள் காரியம் முடிகிறவரை அவளுக்குத் தடிப்பு வரவில்லை. பன்னிரண்டாம் நாள் கழுத்தில் வந்தது. சங்கு அலையாத்திக் காட்டுக்குள், சேற்றுக்கு அடியில் எங்கோ இருந்து ஊதியது.

அரசாங்கம் புதுச் சங்கு கொடுத்தது. அதில் பேட்டரி இருக்கிறது, விசையைத் தொட்டால் மட்டும் ஊதுகிறது. மஸ்தானய்யா அதற்கும் எண்ணெய் போடுகிறார். பழையதை யாரும் தேடிப் போகவில்லை. இரண்டின் குரலும் வேறு வேறு. திப்பையில் இரண்டு வயதுக் குழந்தைகூடக் குழப்பிக்கொள்வதில்லை. மாடிச் சங்கு ஊதினால் ஊர் ஓடுகிறது. காட்டுச் சங்கு ஊதினால், கொட்டகையில் பேரம்மா இறாலில் இருந்து கண்ணை எடுக்காமல், "வதினா, மாத்திரை" என்கிறாள். டாக்டர் சொன்ன ஐந்தாவது வருஷம் போன மாதம் முடிந்தது. இன்னும் போகவில்லை. நாஞ்சாரம்மா இப்போது சட்டை போடுவதில்லை. ஏடுகொண்டலு கடலை விட்டுவிட்டு அலையாத்திக் காட்டு ஓடைகளில் நண்டுக்கு வலை போடுகிறான். சில நாள் அது அவன் படகுக்கு நேர் கீழே ஊத ஆரம்பிக்கும். பலகை அதிரும். தண்ணீரில் வட்டம் வட்டமாக எழும்பும். அவன் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, குனிந்து, தண்ணீரின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறான். "போட்டிருப்பா. இப்ப அடங்கிரும்" என்று அதனிடம் சொல்கிறான். அடங்கியதும் வலையை இழுக்கிறான்.